ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஒரு கறுப்புப் பொட்டு

லண்டனுக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்க்கிறார்கள். மெழுகுப் பொம்மைகளைப் பார்க்கிறார்கள். ஆக்ஸ்போர்டு தெருவில் கைக்காசைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். உங்களில் யாருக்காவது ஜூலை மாதத்தில் அங்கே போகும் யோகம் வாய்த்தால், ஒரு பகற்பொழுதை மிச்சம் பிடித்து வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள். முக்கால் மணி நேரப் பிரயாணத்தில் புரூக்வுட் என்ற சிறிய ஸ்டேஷன் வரும். ஸ்டேஷனை ஒட்டி பிரிட்டனிலேயே மிகப் பெரிய மயானம். அதற்கு அப்பாலிருந்து 'படார், படார்' என்று வெடிச் சத்தம். பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது!

வெடிச் சத்தம் வருகிற இடத்துக்குப் பெயர் பிஸ்லி. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு அது காசி, ராமேசுவரம் மாதிரி. முன்பெல்லாம் புரூக்வுட்டிலிருந்து அங்கே போவதற்கென்றே ஒரு குட்டி ரயில் ஓடியதாம். 1952-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய ரயில் பெட்டி ஒன்று மட்டும் மைதானத்து ஓரத்தில் இன்னும் நிற்கிறது.

உள்ளே நுழைந்தால் குன்னூருக்கோ வெலிங்டனுக்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றும். பைன் மரங்கள், ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் புதர்கள், மர வராந்தா வைத்த பழைய பங்களாக்கள். வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டுத் தேநீர் அருந்துகிறவர்களில் கல்லூரி மாணவியும் உண்டு, பேரன் பேத்தி எடுத்த பாட்டியும் உண்டு. எல்லாருக்கும் பக்கத்தில் நீளப் பெட்டியில் ஒரு துப்பாக்கி, வீணைப் பெட்டி மாதிரி.

இந்தப் போட்டிகளின் கதை 1860-ல் விம்பிள்டனில் ஆரம்பிக்கிறது. ஆம், இன்று டென்னிஸுக்குப் பேர்போன அதே விம்பிள்டன்தான். அந்த ஆண்டு ஜூலை 2-ம் தேதி விக்டோரியா மகாராணியே முதல் வேட்டைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். தூரம் 400 கஜம். தோட்டா நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் போய்ப் பதிந்தது. 'அட, மகாராணிக்கு இவ்வளவு திறமையா!' என்று வியக்கிறீர்கள் அல்லவா? விஷயம் என்னவென்றால், துப்பாக்கியை ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் முடுக்கி, முன்கூட்டியே குறி பார்த்து வைத்திருந்தார்கள். மகாராணி செய்ததெல்லாம் ஒரு பட்டுக் கயிற்றை இழுத்ததுதான். சுற்றிலும் வீடுகள் பெருகிவிட்டதால் 1890-ல் ஜாகையைப் பிஸ்லிக்கு மாற்றினார்கள். மகாராணி ஏற்படுத்திய 250 பவுன் பரிசுதான் இன்றும் இங்கே பெரிய பரிசு. சிம்மாசனத்தில் ராணி இருந்தால் அதற்கு 'குவீன்ஸ் பிரைஸ்' என்று பெயர். ராஜா இருந்தால் 'கிங்ஸ் பிரைஸ்'.

இரும்புத் தாங்கி என்று சொன்னேனே, பிஸ்லிக்கு வருகிறவர்கள் அத்தனை பேருடைய ஆசையும் அதுதான். சதையும் எலும்பும் துடிக்கும் இருதயமும் உள்ள நாம், அந்தத் தாங்கியைப் போல ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க முடியுமா? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குரு கிடைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலேய அம்மாள். வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷமாகத் தவறாமல் வருகிறவர். கிங்ஸ் பிரைஸின் கடைசிச் சுற்றுக்கு நூறு பேரைத்தான் பொறுக்குவார்கள். ஆறு வருஷமாக அந்த நூறில் இவர் பெயர் இல்லை. "கண் பழுதாகிக்கொண்டு வருகிறது. இந்த வருஷம் இல்லாவிட்டால் அப்புறம் இல்லை" என்றார், காய்கறி விலை சொல்வது போல.

முதலில் என்னிடம் இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஐந்து ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடது மூலையில் கிடந்தன. மற்றொன்றில் ஓர் ஓட்டை நட்ட நடுவில், மற்ற நான்கும் திசைக்கு ஒன்றாக. எது நல்ல சுடுகை என்று கேட்டார். நீங்களானால் என்ன சொல்வீர்கள்? மூலையில் கூட்டமாக விழுந்ததுதான் உத்தமமாம்! துப்பாக்கியின் குறிக் கருவியில் திருகு இருக்கிறது. நாலு தடவை திருகினால் அந்தக் கூட்டம் அப்படியே நடுவுக்கு வந்துவிடும். சிதறிக் கிடப்பதை எந்தத் திருகாலும் கூட்ட முடியாது. புள்ளி எல்லாம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் கோலம் சற்றுத் தள்ளி அமையும், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பக்கம் ஓடினால் கோலமே இல்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டார். வாத்தியார் அல்லவா! துப்பாக்கியின் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கஜம். குறிப்பலகையோ ஆயிரம் கஜம் தள்ளி, அதாவது அரை மைலுக்கு மேல். ஆகவே முன்குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அங்கே ஆயிரம் மில்லிமீட்டர், முழுசாக ஒரு மீட்டர் பிசகிப் போகும். அங்கே நடுக்குறியின் அகலமோ சுமார் இரண்டு அடிதான். தொலைநோக்கி வைத்துக் குறி பார்ப்பதும் இந்தப் போட்டியில் கிடையாது. பின்னால் ஊசித் துவாரம், முன்னால் ஒரு சிறு வளையம். தூரத்துக் கறுப்புப் பொட்டு அந்த வளையத்துக்குள் நிற்க, சுற்றிலும் வெள்ளை ஒரே சீராகத் தெரியவேண்டும். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்குமே, அது மாதிரி.

காலித் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து என்னைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார். இடது மேற்கையில் ஒரு தோல்வாரை மாட்டி, துப்பாக்கியோடு சேர்த்து இறுக்கினார். கனத்தைத் தாங்கவேண்டியது வாரும் எலும்பும்தான். தசை வேலை செய்யக் கூடாதாம், ஏனென்றால் தசை களைத்துப் போகும். பிறகு, "கண்ணை மூடு. இரண்டு மூச்சு விடு. கண்ணைத் திற" என்றார். திறந்து பார்த்தால் குழல் பக்கத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! கையால் அதை இழுத்துச் சரிப்படுத்தப் போனேன். அம்மாள் என் மணிக்கட்டில் தட்டினார். கையால் இழுத்து நிறுத்தினால், சுடுகிற நொடியில் உடம்பு தன் இஷ்டப்படி பழைய இடத்துக்கே திரும்புமாம். இடுப்பையும் காலையும் நகர்த்தி, கண்ணை மூடித் திறந்தாலும் குறி தானாக நேரே வந்து நிற்கும்வரை படுக்கையை மாற்ற வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே வந்த ரயில் கட்டணம் தகும் என்பது என் அபிப்பிராயம்.

மூச்சு சமாசாரம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது கவனித்துப் பாருங்கள், மூச்சு தானே நின்றுவிடும். இங்கும் அப்படியே. மூச்சை இழுத்தால் மார்பு உயர்ந்து குழலின் முனை தாழும். விட்டால் முனை ஏறும். விட்டு முடிந்து, அடுத்த மூச்சு தொடங்குவதற்கு முன்னால் இயற்கையாக ஓர் இடைவேளை வருகிறதே, அதில்தான் விசையை அழுத்த வேண்டும். அதையும் வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தை மெல்லப் பிழிவது போல. எட்டு, பத்து விநாடிக்குள் வேட்டுப் போகவில்லையானால் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் மூச்சைப் பிடித்தால் கண் மங்கும், இருதயம் இடிக்கும். வேட்டுப் போன பிறகும் ஒரு விநாடி அப்படியே கிடக்க வேண்டும். கன்னம் கட்டையில் பதியும் இடம், கட்டை தோளில் பதியும் இடம், வாரின் இறுக்கம் எல்லாம் தடவைக்குத் தடவை மாறக்கூடாது. எங்கள் வீட்டுப் பாட்டி அரிசிக்குத் தண்ணீர் வைக்கும் விரல் அளவு எனக்கு நினைவு வந்தது.

இதற்கெல்லாம் புஜபலம் வேண்டியதில்லை என்பதைப் பிஸ்லி வெகுகாலத்துக்கு முன்பே கண்டது. 1891-ல் குவெர்ன்சி தீவிலிருந்து வந்த வினிஃப்ரெட் லீல் என்ற மங்கை, ஆண்களுக்கு நடுவே இங்கே போட்டியிட்டார். 1930-ல் மார்ஜோரி ஃபாஸ்டர் வந்தார். பக்கத்து ஊரில் கோழிப் பண்ணை வைத்திருந்த பெண்மணி. கிங்ஸ் பிரைஸின் கடைசித் தூரமான 1000 கஜத்தில் அவருக்கும் ஒரு ராணுவ லெப்டினன்டுக்கும் கடும் போட்டி. கடைசித் தோட்டா நடுக்குறியில் பாய்ந்தது. அவருக்கு 280, லெப்டினன்டுக்கு 279. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வாழ்த்துத் தந்தி அடித்தார். ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார்த்தித் தோளில் தூக்கி, பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் விடுவது இங்கே வழக்கம். கோழிப் பண்ணைக்காரிக்கும் அந்தப் பல்லக்கு மரியாதை குறைவில்லாமல் நடந்தது. அடுத்து ஒரு பெண், ஜோவன்னா ஹோசாக், அந்த நாற்காலியில் ஏற 2000-ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் தேசத்துக்கும் இந்த ஊரோடு உறவு உண்டு. 1870-ல் இங்கிலாந்துக்கு வந்த கோல்ஹாபூர் இளம் ராஜா, ஊர் திரும்பும் வழியில் இத்தாலியில் காலமானார். அவர் பெயரால் 1871 முதல் நடக்கும் 'கோலாப்பூர் கோப்பை'க்கு இன்றும் பல தேசத்துக் கோஷ்டிகள் மோதுகின்றன. 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டின் சுடும் போட்டிகள் பிஸ்லியில்தான் நடந்தன. அதில் நம் அஞ்சலி பாகவத் ரைபிளில் நான்கு தங்கம் வாங்கினார்.

பிற்பகலில் அம்மாளின் முறை வந்தது. இரண்டாம் சுற்றின் கடைசித் தூரம், 600 கஜம், பத்துத் தோட்டா. ஒரே பலகையில் இருவர் மாறி மாறிச் சுடுகிறார்கள். வேட்டு விழுந்ததும் பலகை பள்ளத்துக்குள் இறங்கும். அங்கே இருப்பவர் ஓட்டையில் ஒரு வட்டைச் செருகி மேலே ஏற்றுவார். ஐந்து தோட்டா வரை ஐந்து ஐந்தாக வந்தது. ஆறாவது கீழே இறங்கி நாலு. ஏழாவதும் அதே இடத்தில் நாலு. எனக்கு அடிவயிறு கலங்கியது. இன்னும் ஒன்று இப்படிப் போனால் நூறில் இடமில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மாள் குறித் திருகைத் தொடவே இல்லை. கொடிகளைப் பார்த்தார், அவை முன்போலவே பறந்தன. காற்றானால் தோட்டாவைப் பக்கவாட்டில் அல்லவா தள்ளும்? இரண்டும் கீழே இறங்கியிருக்கின்றன. அப்படியானால் கோளாறு தம் உடம்பில்தான். பங்காளி சுடுகிற நேரத்தில் தமது இடது முழங்கையைப் பார்த்தார். பாயில் அது இரண்டு விரல் முன்னே வழுக்கியிருந்தது. எடுத்துப் பழைய பள்ளத்தில் வைத்தார். கண்ணை மூடினார். இரண்டு மூச்சு. திறந்தார்.

எட்டாவது, ஐந்து. ஒன்பதாவது, ஐந்து. பத்தாவதற்கு விசையில் விரல் வைத்தவர், ஏனோ எடுத்துவிட்டார். மூச்சை விட்டு, மறுபடி ஆரம்பித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வேட்டுக்கு முக்கால் நிமிஷந்தான் கெடு. படார்! பலகை இறங்கியது, ஏறியது. நட்ட நடுவில் வெள்ளை வட்டு.

சாயங்காலம் கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் நான்தான் பார்த்தேன். தொண்ணூற்று நான்காவது பெயர் அவருடையது. ஓடி வந்து சொன்னேன். அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து நீளக் கம்பியில் துணி சுற்றித் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடியில் நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. அன்றைய பத்துத் தோட்டாக்களும் பென்சில் புள்ளிகளாக, காற்றும் வெளிச்சமும் பக்கத்தில் குறித்தபடி. ஆறுக்கும் ஏழுக்கும் நேரே 'முழங்கை' என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்.

"தொண்ணூற்று நான்கா? நல்லது" என்று சொல்லிவிட்டு, குழலின் ஒரு முனையை வெளிச்சத்துக்குத் திருப்பி மறு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார். இன்னொரு துணி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.