தண்ணீர் கொதிக்கும் உயரம்

பாரோவில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. எனக்கு முன்பே பூட்டானுக்கு வேலைக்கு வந்துவிட்ட கேரளத்து டீச்சர் ஒருவர் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். "அரிசிக்கும் ரெண்டு விசில் கூட வைங்க சார்." பாரோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டையில் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 92, 93லேயே தளதளக்க ஆரம்பித்துவிடும். நான் சொல்லிக்கொடுக்க வந்ததோ அறிவியல். புத்தகம் 100 என்கிறது. எதிரே கோவும் கிராவும் உடுத்தி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த 100ஐத் தங்கள் வீட்டு அடுப்பில் பார்த்ததில்லை.

பூட்டானுக்கு இந்திய வாத்தியார்கள் புதிதல்ல. மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் நவீனப் பள்ளிகளைத் திறந்த காலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது வருவதே ஒரு சாகசம். 1958இல் நேருவே திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி, கணவாய் ஏறி இறங்கித்தான் பாரோவுக்கு வர முடிந்தது. 1961இல் நம் எல்லைச் சாலை அமைப்பு 'தந்தக்' திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் தெற்கிலிருந்து மோட்டார் ஏறியது. இப்போது ஜெய்கான் எல்லையில் வாசலைத் தாண்டினால், வளைவுகளில் வயிறு புரட்டாதவர்கள் அன்று மாலையே பாரோவில் டீ குடிக்கலாம்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் பள்ளி. மதியத்தில் தொடங்கி ஞாயிறு இருட்டும்வரை மலைதான். எல்லோரையும் போல நானும் முதலில் தக்த்சாங்குக்குத்தான் போனேன். புலியின் மேல் பறந்து வந்த குரு பத்மசம்பவர் தவம் செய்த குகை. அதைச் சுற்றி 1692இல் மடம் எழுந்தது, 1998இல் தீக்கிரையாகி, பின்னர் பழையபடியே எழுப்பப்பட்டது. படங்களில் அது பாறையில் ஒட்டவைத்தது போலத் தெரியும். படம் சொல்லாத ஒன்று உண்டு. மூச்சு வாங்கி ஏறி எதிர்ப்பாறைக்கு வந்தால் மடம் கண்ணுக்கு நேரே நிற்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் இடையில் அதலபாதாளம். நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். என்னோடு புறப்பட்ட கிழவி ஒருவர், கையில் மணிச்சக்கரம் சுற்றிக்கொண்டே, அதற்குள் தரிசனம் முடித்து எதிரே வந்துகொண்டிருந்தார்.

எனக்கு மலை என்றால் கல்வராயன்தான். கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, பஸ் முனகிக்கொண்டு ஏறும் வெள்ளிமலைப் பாதை. ஆசிரியர் அறையில் ஒருநாள் பூட்டானிய சக ஆசிரியர், "உங்கள் மலைக்கு யார் ராஜா?" என்று கேட்டார். ஜாகிர்தார்கள் என்றேன். 1976இல்தான் அரசாங்கம் அவர்களிடமிருந்து கல்வராயனை எடுத்துக்கொண்டது என்றதும் அவர் நம்பவில்லை. எங்கள் மூன்றாம் மன்னர் 1950களிலேயே பண்ணையடிமை முறையை ஒழித்துவிட்டாரே என்றார். சுதந்திர இந்தியாவின் மலையை ஒரு மன்னராட்சி இப்படி முந்தியிருக்கிறது. சமவெளியில் பிறந்த நாங்கள் மேலே இருப்பவர்களைப் பற்றி எவ்வளவு குறைவாக விசாரித்திருக்கிறோம்!

அக்டோபர் பிறந்து மழை மேகம் விலகியதும், பெரிய பிள்ளைகள் சிலரையும் ஒரு கேஸ் அடுப்பையும் வெப்பமானியையும் ஏற்றிக்கொண்டு செலெலா கணவாய்க்குப் போனேன். பாரோவிலிருந்து ஹா பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையின் உச்சி அது, ஏறத்தாழ 4,000 மீட்டர். ஜூனில் வந்தபோது நீல பாப்பிப் பூவைப் பார்த்தேன், மலையைப் பார்க்கவில்லை. எல்லாம் மேகம். இப்போது வடக்கே ஜோமோல்ஹாரி முழுசாகத் தெரிந்தது, 7,326 மீட்டர், வெயிலில் கண் கூசியது. இறந்தவர்களுக்காக நட்ட வெள்ளைக் கொடிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. அங்கே கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பத்தில் ஆறு பங்குதான், நான்கு பங்கு குறைவு. எனக்குப் பேசவே மூச்சு போதவில்லை. பிள்ளைகள் கொடிக்கம்பங்களுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

அடுப்பு அணைந்து அணைந்து போயிற்று. பையன்கள் தங்கள் கோ உடையை விரித்துப் பிடித்து வட்டமாக நின்று காற்றை மறித்தார்கள். பாத்திரத்தில் குமிழ் கிளம்பியதும் ஒரு பெண் வெப்பமானியைப் படித்தாள்: 87. பள்ளியில் அளந்ததைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும் என்று நான் கரும்பலகையில் எழுதியதை நோட்டில் எழுதிக்கொண்டவர்கள்தான். ஆனாலும் பாத்திரத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"சார் லா, அந்த உச்சியில் எவ்வளவு இருக்கும்?" என்று ஜோமோல்ஹாரியைக் காட்டினான் ஒருவன்.

கணக்குப் போட்டு, 76 வரும் என்றேன். போய் அளக்க வழியில்லை. 1937இல் ஸ்பென்சர் சாப்மனும் பசாங் தாவா லாமாவும் அதில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் தெய்வங்கள் குடியிருக்கும் சிகரங்களில் கால் வைக்க வேண்டாமென்று 1994இல் 6,000 மீட்டருக்கு மேல் ஏறுவதைப் பூட்டான் தடுத்தது. 2003இல் மலையேற்றத்தையே நிறுத்திவிட்டது. சிகரங்களை விற்றுக் காசாக்கும் பிழைப்பைப் பக்கத்து நாடுகளில் பார்த்தவனுக்கு இந்தச் சட்டத்தின் மேல் தனி மரியாதை வந்துவிடுகிறது.

வெப்பமானி படித்த பெண்ணுக்கு வேறு கவலை. "76 என்றால் அங்கே இருக்கும் அம்மனுக்கு டீ நன்றாகவே இருக்காதே?"

யாக் மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் சிரித்தான். "எங்கள் பாட்டி தேயிலையைப் போட்டால் மத்தியானம் வரை கொதிக்கவிடுவாள். அம்மனுக்கு என்ன, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதா?"