பழைய பத்மினிக்கு ஒரு விலை

பழம்பொருளுக்கு விலை சொல்வது எளிய செயலன்று. புதுப்பொருளின் விலையை ஆலை சொல்லிவிடுகிறது; பழையதன் விலையை மனிதர்கள் அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது! விற்பவர் தம் நினைவுகளையும் தட்டில் வைத்து எடை போடுகிறார். வாங்குபவர் தம் ஐயங்களை எல்லாம் கழித்துப் பார்க்கிறார். இருவருக்கும் வேண்டியவராய் நடுவில் நிற்பவர் பாடோ பெரும்பாடு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாறு நடுவில் நிற்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பொருள், ஒரு பிரீமியர் பத்மினி கார்.

மும்பைத் தமிழர்க்கு அவ்வண்டியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் செம்பூருக்கு அண்மையிலுள்ள குர்லாவில் அதனைச் செய்தது. இத்தாலிய நாட்டு பியட் 1100 வண்டியே 1970களில் பத்மினி என்னும் பெயர் பூண்டது. அது சித்தூர் அரசியின் பெயர். எங்கள் வீட்டாரோ நடிகை பத்மினியின் பெயரென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர்!

உரிமமுறை நிலவிய அந்நாளில் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே, கைமாறிய வண்டி புது வண்டியினும் கூடுதல் விலைக்குப் போன விந்தையும் நிகழ்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் அம்மதிப்பு சரியலாயிற்று. 2003 அக்டோபரில் தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் கடைசி பத்மினி டாக்சி பதிவாயிற்று. டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பு நிறைவுற்றதும், 2023 அக்டோபர் 30 முதல் அவை தெருவை விட்டு நீங்கின. உடனே அவற்றின்மீது பலருக்கும் காதல் பிறந்துவிட்டது. வண்டி மாறவில்லை; ஊரார் வாய்தான் காலத்துக்குக் காலம் வேறு விலை கூறியது.

நான் கண்ட வண்டி செம்பூரில் ஓர் அம்மையாருடையது. கணவர் 1984இல் வாங்கியது. அவர் மறைந்தபின் ஈராண்டாக உறையிட்டு நின்றது. பழைய இரும்பு வாங்குவோர் 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். தரகர் ஒருவரோ, "விண்டேஜ் வண்டியம்மா, மூன்று லட்சம் போகும்" என்று ஆசை காட்டியிருந்தார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே அப்பெயர் பொருந்தும் என்பது 2021இல் வந்த மத்திய அரசின் விதி. வாங்க விரும்பியவர் தாராவி இளைஞர். அவர் தந்தை பத்மினி டாக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். அம்மையார் என்னிடம், "அண்ணா, நீங்க சொல்ற விலைக்குக் கொடுத்துடறேன்" என்றார். இளைஞரும் அதையே சொன்னார். அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் நெல்லைக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். வந்ததும் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நாம வாறதுக்கு முன்னாடியே கிளப்பி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்." குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே முதல் சோதனை. பின்னே வரும் புகை நீலமாயின் எண்ணெய் எரிகிறது. கறுப்பாயின் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. இவ்வண்டியில் இரண்டும் இல்லை. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்த்தண்டு இரண்டாம் கியரில் நழுவாமல் நின்றது.

அடுத்து உடல். பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளே ஒன்றாய் இணைந்து வண்டியைத் தாங்குகின்றன. ஆதலால் கடற்காற்று வீசும் இவ்வூரில் துரு என்பது வெறும் அழகுக்குறையன்று. அது எலும்பைத் தின்னும் நோய். மெக்கானிக் ஒரு காந்தத்தைக் கதவோரங்களில் நகர்த்தினார். அது ஒட்டாத இடத்தில் வண்ணத்துக்கடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். கதவுகள் தப்பின. தரைவிரிப்பைத் தூக்கியபோது ஓட்டுநர் காலடியில் தகடு அரித்து, அடியிலிருந்து வெளிச்சம் தெரிந்தது.

அம்மையார் சற்றுநேரம் அதனையே நோக்கியிருந்தார். பின்னர் உள்ளே சென்று ஒரு நோட்டுப் புத்தகம் கொணர்ந்தார். எண்ணெய் மாற்றிய நாள், டயர் வாங்கிய நாள், 2012இல் எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்ட செலவு அனைத்தும் கணவர் கையெழுத்தில் இருந்தன. அவருக்கு அது நினைவுச் சின்னம். எங்களுக்கோ சான்று, எஞ்சின் ஐயத்திற்காகக் கழிக்க நினைத்த தொகையைக் கழிக்க வேண்டாமென்று அது சொல்லிற்று.

கணக்கைத் தாளில் எழுதினோம். நல்ல நிலையிலுள்ள அவ்வகை வண்டிகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று மூவரிடம் விசாரித்திருந்தேன்; கேட்கும் விலையை நான் பொருட்படுத்தவில்லை. அத்தொகை 1,40,000. தரையை வெட்டிப் புதுத் தகடு வைக்க 26,000. பிரேக் 9,000. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பதிவு அவ்வாண்டே முடிவதால் அதன் கட்டணம் 5,000. எஞ்சியது ஒரு லட்சம்.

மாலையில் இளைஞர் வந்தார். நான் வாய் திறக்குமுன் அம்மையாரே விரிப்பைத் தூக்கி, "தம்பி, முதல்ல இதைப் பாரு" என்றார். அவர் குனிந்து பார்த்தார், தாளையும் படித்தார், பேரம் பேசவில்லை. "அம்மா, அந்த நோட்டு வண்டியோட கிடைக்குமா? இல்லேன்னாலும் விலை இதுதான்" என்றார். அம்மையார் சிரித்தார்: "அது எங்கிட்டயே இருக்கட்டும். உனக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்." சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றும் படிவங்களில் ஒப்பமிட்டனர்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரைப் பற்றிய குறளோடு முடிகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. நம் குடும்பங்கள் ஊர் திரும்பும்போதும், மாட்டுங்காவை விட்டுப் புறநகர்க்குக் குடிபெயரும்போதும் ஏதேனும் ஒன்றை விற்கவே செய்கின்றன. அப்போது, கழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணத்தை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பாரையும் ஒருங்கே அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். ஒருவர் எதிரே மற்றவரிடம் சொல்லக் கூசாத விலையாயின், அதனைத் துணிந்து நியாய விலை எனலாம்.