தோட்டா போட்டதும் நின்றுபோன சிலிண்டர்

போன சனிக்கிழமை, டெக்சஸில் நான் வழக்கமாகப் போகும் சுடுதளம். காலியாக இருக்கும்போது பம்பரம்போல் சுற்றும் என் .357 மேக்னம் ரிவால்வரின் சிலிண்டர், 6 தோட்டாவும் போட்டு மூடியதும் அசையவில்லை. அந்த நேரத்தில் ட்ரிகரை வலுக்கட்டாயமாக இழுத்துப் பார்ப்பது பெரிய தப்பு. விரலை வெளியே எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்து, தோட்டாக்களை இறக்கினேன். கை லேசாக நடுங்கியது, உண்மை.

காலியாகச் சுற்றி, நிரப்பினால் சிக்குகிறது என்றால் தோட்டா உட்காரும் விதத்தில்தான் கோளாறு. பிரைமர் துருத்தியிருக்கிறதா என்று விரலால் தடவினேன்; இல்லை. தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துணுக்குகள் கொஞ்சம். துடைத்தும் தீரவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. விலை மலிவு என்று மாதக்கணக்கில் இதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையே சுட்டிருந்தேன். 1935இல் .357 வந்தபோது, பழைய .38 துப்பாக்கிகளுக்குள் அது நுழையக் கூடாதென்றே அதன் கூட்டைச் சுமார் 3.4 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். குட்டைக் கூடு முடியும் இடத்தில் ஒவ்வொரு அறையிலும் கரி வளையமாகப் படிந்திருந்தது. அன்று போட்ட .357இன் நீளக் கூடு அதில் முட்டி, விளிம்பு மயிரிழை பின்தள்ளி நின்று பின்சுவரில் உரசியிருக்கிறது.

இரவு முழுக்கக் கரைப்பானில் ஊறவிட்டு வெண்கலப் பிரஷால் தேய்த்தேன். மருந்தில்லாத பொய்த்தோட்டா 6 போட்டு மூடினேன். சுற்றியது.