பதின்மூன்று அங்குலப் பெரிய கோயில்

சென்ற மாதம் தஞ்சைக்குச் சென்றிருந்தோம். இராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த விமானத்தை, அதன் 216 அடி உயரத்தையும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஆனால் இங்கே சொல்ல வந்தது அதைப் பற்றியன்று. அன்று மாலை ஒரு சந்து வீட்டில் 13 அங்குல உயரத்தில் கண்ட விமானத்தைப் பற்றி.

அவ்வீட்டுப் பெரியவர் நெட்டி வேலைக்காரர். நீர்நிலைகளில் விளையும் நெட்டியின் வெண்மையான தக்கையைக் கத்தியால் சீவிக் கோயில் உருவங்கள் செய்வது தஞ்சையின் பழந்தொழில். 2020-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதைப் பார்த்துத் தந்தம் என்று ஏமாறாதவர் அரிது.

மகனோ கத்தியைத் தொடவில்லை. பின்கட்டில் லேஸர் யந்திரம் வைத்திருக்கிறான். கரியமிலவாயுக் குழாயில் பிறக்கும் கண்ணுக்குப் புலப்படாத கிரணம் மரப்பலகையை எரித்துக்கொண்டே வெட்டிச் செல்கிறது. இவ்வகை லேஸரை 1964-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்று பிள்ளை சொன்னபோது, நமக்கும் அதில் ஏதோ பங்கு இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தோம்!

"இருநூற்றில் ஒரு பங்கு, ஐயா" என்றான். அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதன் ஒரு நெல்மணி நீளந்தான்.

கிரணம் போன வழியில் சுமார் 0.2 மில்லிமீட்டர் மரம் புகையாகிவிடுமாம். ஆகையால் 3 மில்லிமீட்டர் பலகை செருகும் பள்ளத்தை 2.8 என்று வரைய வேண்டும். 3 என்றே வரைந்தால் தளங்கள் ஆட்டங் காணும். இதை அறியுமுன் பாழான பலகைகள் மூலையில் குவிந்து கிடந்தன. சிற்பங்கள் ஒன்று விடாமல் பொறிக்க முயன்றதில் சுவர் முழுதும் கரிக் கறையாயிற்று.

பெரியவர் புகைக்குப் பயந்து, அல்லது பயந்ததாகச் சொல்லி, பின்கட்டுக்கே வருவதில்லை. ஒருநாள் வந்து பார்த்தாராம். "ஏண்டா, கோயில் வாசலில் நின்றால் உனக்கு எத்தனை பொம்மை தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். பிள்ளை மறுநாள் கோயிலுக்குப் போய் நின்றான். திரும்பி வந்து, மாடங்களின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டான். சுவர் எழுந்து நின்றது.

சிகரந்தான் வரவில்லை. யந்திரம் நேர்கீழாகத்தான் வெட்டும். வளைவு அதற்குத் தெரியாது. எட்டுப் பட்டைச் சிகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது, அடுக்கிய தோசை போலிருந்தது. மகன் உதவி கேட்கவில்லை, தகப்பனாரும் பேசவில்லை. ஆனால் நாம் சென்றபோது, பழுப்பு மரத் தளங்களின் உச்சியில் நெட்டியில் செதுக்கிய வெள்ளைச் சிகரம் அமர்ந்திருந்தது. நிறம் பொருந்தவில்லை என்று சொல்லலாம். நம் கண் அதைவிட்டு அகலவில்லை.

விலை கேட்டோம். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தகப்பனாரைப் பார்த்தான். இருவரும் சொல்லவில்லை. நமக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.