பனிவண்டியும் பட்டியும்

கனடாவிற் குடியேறிய நம் உறவினர் பலருக்கு ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டி ஒரு மாரிகால விளையாட்டுப் பொருள். அது தோன்றிய வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு மட்டும் எண்ணார்.

கியூபெக் மாகாணத்து வால்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்ற இயந்திர வல்லுநர் வாழ்ந்தார். 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் நோயுற்றான். பனி மூடிய பாதையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேற் செல்லும் வண்டி செய்யும் முயற்சியை அத்தந்தை கைவிடவில்லை. 1937இல் பல்சக்கரமும் தடமும் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறுவண்டி விற்பனைக்கு வந்தது.

இவ்வண்டிக்கு உயிர்நாடிகள் இரண்டு: இயந்திர வலுவைக் கடத்தும் றப்பர்ப் பட்டி, பனியைப் பற்றி வண்டியைத் தள்ளும் தடம்.

பட்டி இரு கப்பிகளுக்கிடையே ஓடுவது. வேகத்துக்கேற்பக் கப்பிகளின் பக்கங்கள் நெருங்கியும் விலகியும் அதனை ஏற்றி இறக்கும். ஆதலால் தேய்வது பட்டியின் பக்கங்களே. இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, சூடு ஆறியபின் மூடியைத் திறந்து நோக்குக. வெடிப்பு, பிரிந்த நூல், ஓரிடத்தில் மட்டும் கருகி ஒடுங்கிய பாகம் ஆகியவற்றுள் எது காணப்படினும் பட்டியை மாற்றுதல் வேண்டும். அகலத்தை அளந்து கைந்நூலிற் கூறிய அளவுடன் ஒப்பிடுக. எண்ணெய் படவே கூடாது; பட்டால் வழுக்கும். அறுந்த பட்டியின் துணுக்குகளை முற்றாக அகற்றிய பின்னரே புதியதை அம்புக்குறி நோக்கிய திசையில் மாட்டுக. புதுப் பட்டியைத் தொடக்கத்தில் மென்மையாகவே ஓட்டுக.

பட்டி கருகுவதற்குத் தடமும் காரணமாகலாம். இரவில் உறைந்த தடம் அசைய மறுக்க, இயந்திரம் இழுக்க, நடுவே பட்டி வேகும். எனவே புறப்படுமுன் வண்டியின் பின்புறத்தைத் தூக்கிப் பனிக்கட்டியை உதிர்த்தல் நன்று. தடம் தளர்ந்தால் பற்களின்மேல் வழுக்கித் தாவும். மிக இறுகினால் வலு வீணாகி, அடியிலுள்ள பிளாஸ்டிக் சறுக்குகள் தேயும். அச்சறுக்குகளுக்குப் பனியே குளிர்ச்சியும் உராய்வு நீக்கியும் ஆகும். வெறுந்தரையில் நெடுந்தூரம் ஓட்டினால் அவை உருகிவிடும். தடம் ஒருபுறம் சாய்ந்தால், அப்பக்கத்துத் திருகாணியைச் சிறிது இறுக்க நடுவுக்கு வரும். தடத்தைச் சுழற்றிப் பார்க்கும்போது பின்னால் எவரும் நிற்றலாகாது.

மொன்றியலுக்கு வடக்கே தமக்கையார் வீட்டில் நாம் ஒரு மாரியைக் கழித்தோம். மகன் வண்டியுடன் புறப்படும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று, “மற்றப் பட்டி எங்கை தம்பி? காட்டிப்போட்டுப் போ” என்பார். இயந்திரம் பற்றி அவர் கற்றதில்லை. ஆயினும், பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில், வீடுகளற்ற காட்டிடையே பட்டி அறுந்தால் மகன் நடந்தே திரும்பவேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

பாதையில்லாமையால் ஒரு குழந்தையை இழந்த தந்தை வளர்த்த வண்டி இது. அதனைப் பேணுவது இயந்திரத்துக்குச் செய்யும் பணிவிடை மட்டுமன்று; விளக்கேற்றி வைத்து வழிபார்த்திருப்போருக்கு நாம் செய்யும் கடமையுமாகும்.