பாவமும் பிழையும்

'மெயா குல்பா' என்ற இலத்தீன் தொடருக்கு 'குற்றம் என்னுடையது' என்று பொருள். குல்பா இலத்தீனில் பெண்பாற் சொல். அதனால் ஆண் சொன்னாலும் 'மெயா' என்ற பெண்பால் வடிவமே வரும். அது வெறும் இலக்கணம். சொல்லின் பொருள்தான் நமக்கு முக்கியம். ரோமானியச் சட்டத்தில் குல்பா என்பது கவனக்குறைவால் நேர்ந்த குற்றம். ஒருவர் எதையோ செய்திருக்க வேண்டும், அல்லது செய்யத் தவறியிருக்க வேண்டும். செயல் இல்லாத இடத்தில் குல்பா இல்லை.

கத்தோலிக்கத் திருப்பலியில் மார்பில் தட்டிக்கொண்டு மும்முறை சொல்லப்பட்ட தொடர் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் வழிபாடு தமிழுக்கு வந்தபோது 'என் பாவமே' என்று ஆயிற்று. குற்றத்தை அறிக்கையிடுவது தமிழ் அச்சுக்குப் பழைய பொருள்தான். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார், 1580இல் கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' வெளியிட்டார். அது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு.

ஆனால், குல்பா பாவமானபோது வேறொரு உலகத்துக்குள் நுழைந்துவிட்டது. தமிழ்ப் பேச்சில் பாவம் என்பது தீச்செயல் மட்டுமில்லை, இரக்கச் சொல்லும்தான். வானகரத்தில் எங்கள் தெருவிலும் கேட்கலாம். பிள்ளை பிறக்காதவள், கணவனைப் பறிகொடுத்தவள், குடிகாரனிடம் அடிவாங்குபவள் எல்லோரும் "நான் செஞ்ச பாவம்" என்பார்கள். கேட்டவர்கள் "பாவம் அவ" என்பார்கள். அடித்தவனின் செயல் இந்த இரண்டு பாவங்களுக்கும் நடுவில் காணாமல் போய்விடுகிறது. அவள் செய்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்டுக்கொள்வதில்லை. செய்யாத ஒன்றுக்கு முற்பிறவியில் காரணம் தேடித் தருகிறது அந்தச் சொல்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பார்க்கலாம். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், கள்வன் தானே என்று அவையில் சொல்லி உயிர் விடுகிறான். ஊழைக் காட்டித் தப்பிக்கவில்லை. தன் தீர்ப்பு, அதனால் போன உயிர், இரண்டும் அவன் கண்முன் இருந்தன. குற்ற ஒப்புதல் என்றால் அது. அதிகாரம் உள்ளவர் வாயிலிருந்து அது வருவதுதான் அபூர்வம்.

என் மாணவிகளுக்கு நான் பரிந்துரைக்கும் சொல் பிழை. யார் செய்தார், எங்கே செய்தார் என்று காட்ட முடியும், திருத்தவும் முடியும். பிழைத்தல் என்றால் தவறு செய்தல். உயிரோடு இருத்தலும் பிழைத்தல்தான். "என் பாவம்" என்று வாய் தொடங்கும்போது, இதில் என் பிழை எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், பிழை செய்தவர் யார் என்பது அடுத்த கேள்வி.