மாமுவின் காரும் இரண்டு அரபுச் சொற்களும்

மதரஸாவில் அரபுப் பாடம் நடத்துகையில் இரு சொற்களை எப்போதும் சேர்த்தே விளக்குவேன். ஒன்று ‘இஸ்ராஃப்’, மற்றொன்று ‘தக்தீர்’. முன்னதை வீண்விரயம் என்றும் பின்னதைக் கஞ்சத்தனம் என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயினும் முன்னதன் உட்பொருள் எல்லை கடத்தல்; பின்னதன் உட்பொருள் தேவைக்கும் கீழே குறைத்தல். இவற்றை எனக்கு உணர்த்தியது உரைநூல் அன்று; பூண்டியில் வாழ்ந்த என் மாமுவின் பழைய அம்பாசிடர் கார்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் கடந்து செல்லவேண்டிய மலையூர் பூண்டி. மாமு அங்கே வெள்ளைப்பூண்டு வாங்கி விற்றுவந்தார். அவருடைய காரில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். சமவெளியில் பலர் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திக்கொண்டார்கள். அதற்கு மாமுவிடம் வசதி இல்லை. வண்டியோ கரும்புகை கக்கிக்கொண்டு பெட்ரோலைக் குடித்தது.

1994-இல் நான் அங்கே சென்றிருந்தபோது, கொடைக்கானலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம்.

“இது கீழ்நாட்டுக்கு வைத்த அளவு, பாய். இங்கே காற்று மெலிவு” என்றார் அவர்.

ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். 2,000 மீட்டர் உயரத்திலோ காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பெட்ரோல் குறையாவிட்டால், எரியாத மிச்சம் புகையாகிப் போகும். அவர் கார்புரேட்டரின் அடியிலிருந்த நட்டைச் சிறிதே மேல்நோக்கித் திருகினார். பெட்ரோல் வரும் வழி சுருங்கியது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தார். டயர்களுக்குக் காற்று நிரப்பினார். புகை அடங்கிற்று. “கீழே இறங்கும்போது பழைய அளவுக்கு மாற்றிவிட வேண்டும்” என்றும் எச்சரித்தார்.

பெட்ரோல் மிச்சமாயிற்று. மாமுவின் மகிழ்ச்சி மெல்ல ஆசையாக மாறியது. சிறிது திருகியதற்கே இவ்வளவு மிச்சமென்றால் இன்னும் திருகினால் என்ன என்று எண்ணி, தாமே ஸ்பானரை எடுத்துவிட்டார்.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் மாமிக்கு நெஞ்சுவலி கண்டது. மதுரை மருத்துவமனைக்கு விரைந்தோம். அந்தப் பதற்றத்தில் நட்டின் நினைவு எவருக்கும் இல்லை. வத்தலக்குண்டைத் தாண்டி, நண்பகல் வெயிலில் எஞ்சின் இருமியது, வலுவிழந்தது, நின்றேவிட்டது. முன்பே பெட்ரோல் போதாதிருந்த கலவை, அடர்ந்த காற்றில் மேலும் வறண்டுபோய், வெப்பம் மிகுந்து, எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்ததைப் பின்னர்தான் அறிந்தோம்.

தாயின் தலையை மடியில் தாங்கியபடி மகள் அழுதாள். அரைமணி நேரம் கழித்து, காய்கறி ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் மனமிரங்கி ஏற்றிக்கொண்டார். அல்லாஹ்வின் அருளால் மாமி பிழைத்துக்கொண்டார்.

எஞ்சினைப் பழுதுபார்த்த கூலி, அதுவரை மிச்சப்பட்ட பெட்ரோலின் விலையைக் காட்டிலும் மிகுதி. மாமு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மிச்சம் பிடித்தது பெட்ரோலை, பணயம் வைத்தது உன் மாமியை, மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

மாமு இன்று இல்லை. அம்பாசிடர் கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் அவ்விரு சொற்களும் பாடத்தில் வரும்போதெல்லாம் அந்தச் சிறிய நட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். மலையில் விரயமானது சமவெளியில் தேவையாயிற்று. இடமறிந்து அளவை மாற்றுகிறவனே சிக்கனக்காரன்; குறைத்துக்கொண்டே போகிறவன் அல்லன்.